களி கிண்டுபவரின் கூலி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சிறையில் வேலை என்றதும் தமிழர்கள் மனத்தில் முதலில் வந்து நிற்பது ஒரு செக்கு. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு. பள்ளிக்கூடப் பாடத்திலேயே அது நமக்குள் இறங்கிவிட்டது. அதனால் சிறை வேலை என்றால் தண்டனை, தண்டனைக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்று பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது. வ.உ.சி.க்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனாலும் 1908இல் ஒரு நீதிமன்றம் உட்கார்ந்தது, ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. தீர்ப்பே வராதவர்கள் உள்ளே செய்யும் வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். 'அவன் களி தின்னப் போறான்' என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தக் களியைக் கிண்டுவது யார், கிண்டியவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை.

அமெரிக்க ஊர்ச் சிறைகளை எடுத்துக்கொள்கிறேன். அங்கே நடப்பது மோசம், இங்கே எல்லாம் உத்தமம் என்று காட்டுவதற்காக அல்ல. கடைசியில் நம் பக்கத்துக்கும் வரத்தான் போகிறேன். இந்தக் கேள்வி அங்கே மாநில உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, வாக்குச் சீட்டு வரை போயிருக்கிறது. டாலர், சென்ட் கணக்கோடு வெளியே வந்திருக்கிறது. கணக்கு தெரிந்த இடத்தில் பேசுவது நல்லது.

அங்கே நீண்ட தண்டனை பெற்றவர்களை அடைப்பது மாநில அரசின் சிறைகளும் மத்திய அரசின் சிறைகளும். ஊர்ச் சிறை வேறு. அதை நடத்துவது கவுண்டி. நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கவுண்டியின் ஷெரிஃப் நம் எஸ்.பி.யைப் போல மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்ல. பெரும்பாலான இடங்களில் மக்களிடம் ஓட்டு வாங்கி வருபவர். பட்ஜெட் அவர் கையில், சாவிக் கொத்தும் அவர் கையில். இந்த இரண்டும் ஒரே கையில் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நாடு முழுக்க இப்படி ஏறத்தாழ 3,000 ஊர்ச் சிறைகள். எந்த நாளில் தலை எண்ணினாலும் ஆறரை லட்சம் பேருக்கு மேல் உள்ளே இருப்பார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்கு உட்பட்ட சின்னத் தண்டனைக்காரர்கள். அந்த ஏழு பேரில் ஜாமீன் தொகை குறித்துக் கொடுத்த பிறகும் கட்ட வழியில்லாமல் கிடப்பவர்கள் ஏராளம். ஒரே குற்றச்சாட்டு, ஒரே சட்டப் பிரிவு. பணம் கட்டியவர் வீட்டிலிருந்து வழக்கு நடத்துகிறார். கட்டாதவர் உள்ளேயிருந்து நடத்துகிறார். உள்ளே இருப்பவர்தான் பாத்திரமும் கழுவுகிறார்.

ஊர்ச் சிறை என்பது, பூட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பெரிய விடுதி. ஆயிரம் பேர் இருந்தால் நாளைக்கு மூவாயிரம் சாப்பாடு வேண்டும். போர்வை, உடுப்பு துவைக்க வேண்டும். கழிப்பறை கழுவ வேண்டும், தரை துடைக்க வேண்டும், தட்டு வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், புல் வெட்ட வேண்டும், ஷெரிஃப் அலுவலகத்தின் கார்களைக் கழுவ வேண்டும். இதற்கெல்லாம் வெளியாள் வைத்தால் சம்பளம், காப்பீடு, விடுமுறை எல்லாம் உண்டு. உள்ளே இருப்பவரை வைத்தால் ஒன்றும் இல்லை. பல கவுண்டிகளில் அந்த ஒன்றும் இல்லை என்பதுதான் கூலி விகிதம். இப்படி வேலைக்குப் பிடித்துக்கொள்ளப்படுபவரை அங்கே 'ட்ரஸ்டி' என்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே, அலமீடா கவுண்டியின் சான்டா ரீட்டா சிறை இருக்கிறது. டப்ளின் என்ற ஊரில். நாட்டின் மிகப் பெரிய ஊர்ச் சிறைகளில் ஒன்று. அதன் சமையலறைக் குத்தகை அராமார்க் என்ற தனியார் நிறுவனத்துக்கு விடப்பட்டிருந்தது. குத்தகை எடுத்தவர் நிறுவனம், வேலை செய்தவர்கள் கைதிகள். அங்கே சமைத்துக் கட்டிய சாப்பாடு அந்தச் சிறைக்கு மட்டுமல்ல, வேறு கவுண்டிகளின் சிறைகளுக்கும் போனது. 2019இல் கைதிகள் சிலர் வழக்குப் போட்டார்கள். ஒரு காசு கொடுக்கவில்லை, மாட்டேன் என்றால் தனிமைச் சிறை என்று மிரட்டினார்கள் என்பது அவர்கள் சொன்ன குறை. அது அவர்கள் தரப்பு. கவுண்டியும் நிறுவனமும் மறுத்தன. கூலி தரவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை.

வழக்கு மத்திய நீதிமன்றத்தில் நடந்தது. ஒரு கட்டத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது மாநிலச் சட்டத்தைப் பற்றிய கேள்வி, நீங்களே சொல்லுங்கள் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. லாபம் பார்க்கும் ஒரு நிறுவனத்துக்காகக் கவுண்டிச் சிறையில் சமையல் வேலை செய்த, இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவர், மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியைக் கேட்க முடியுமா? 2024 ஏப்ரல் 22 அன்று பதில் வந்தது. முடியாது.

காரணம் ஒரு சின்னப் பிரிவு. கலிஃபோர்னியாவின் தண்டனைச் சட்டத் தொகுப்பில் 4019.3 என்று எண். கவுண்டிச் சிறையில் இருப்பவருக்கு எட்டு மணி நேர வேலைக்கு இரண்டு டாலருக்கு மேற்படாத தொகையை, கவுண்டியின் நிர்வாகக் குழு விரும்பினால், வரவு வைக்கலாம் என்று அன்று அது சொன்னது. 'விரும்பினால்' என்பதைக் கவனியுங்கள். 'மேற்படாத' என்பதையும் கவனியுங்கள். அந்தப் பிரிவு தண்டனை பெற்றவர், பெறாதவர் என்று பிரிக்கவில்லை, இருவரும் அதற்குள் அடக்கம், சட்டமன்றம் வேறு மாதிரி நினைத்தால் சட்டத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் கையை விரித்தது. அலமீடா கவுண்டி அந்த இரண்டு டாலரைக் கூட விரும்பியிருக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024இல் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். எட்டு மணி நேரத்துக்கு 128. சிறைக்குள் உச்சவரம்பே 2. வெளியே நிற்பவரின் ஒரு மணி நேரம் உள்ளே இருப்பவரின் 64 மணி நேரத்துக்குச் சமம். இருவரும் உரிப்பது ஒரே உருளைக்கிழங்கு.

தீர்ப்பைக் குறை சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. எழுதப்பட்ட சட்டத்தை எழுதப்பட்டபடி படித்திருக்கிறார்கள். ஆனால் சட்டத்தை எழுதியவர்கள் யாரை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்ற கேள்விக்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்கு 1865க்குப் போக வேண்டும்.

உள்நாட்டுப் போர் முடிந்த அந்த ஆண்டில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாவது திருத்தம் அடிமைமுறையையும் கட்டாய உழைப்பையும் ஒழித்தது. ஒரு வாசல் மட்டும் திறந்து வைத்தது: முறைப்படி குற்றம் நிரூபிக்கப்பட்டவருக்குத் தண்டனையாக அது இருக்கலாம். அந்த வாசல் வழியே தென் மாநிலங்கள் கறுப்பின மக்களை மறுபடி வயலுக்கும் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் ஓட்டிக்கொண்டு போனதும், கைதிகளை முதலாளிகளுக்கு வாடகைக்கு விட்டதும், அலபாமாவில் அது 1928 வரை நீடித்ததும் பலர் எழுதியிருக்கும் வரலாறு. 1871இல் வர்ஜீனியாவின் நீதிமன்றம் ஒன்று, தண்டனைக் காலம் முடியும்வரை கைதி அரசின் அடிமைதான் என்று கூச்சமில்லாமல் எழுதியது. அந்த வரலாற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது அந்தத் திருத்தம் போட்ட கோடு மட்டும். எவ்வளவு கொடுமையான விதிவிலக்காக இருந்தாலும், அது குற்றம் நிரூபிக்கப்பட்டவரோடு நிற்கிறது. ஜாமீன் கட்ட முடியாதவரை அது தொடவே இல்லை.

நம் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட 1894ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டத்திலும் இதே கோடு இருந்தது. வேலை என்பது வேலையோடு கூடிய தண்டனை பெற்றவருக்கும், தானாக விரும்பிக் கேட்பவருக்கும்; அதுவும் சாதாரண நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது. தண்டனை பெறாதவர் தன் செலவில் சாப்பாடும் துணியும் வரவழைத்துக்கொள்ளலாம் என்றும் அது சொன்னது. காலனிச் சட்டத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சட்டம்கூட மறக்காத ஒன்றை மறப்பதற்கு எவ்வளவு பழக்கம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கோடு நீதிமன்றத்தில் பேசப்பட்ட ஒரு வழக்கு உண்டு. வெர்மான்ட் மிகச் சின்ன மாநிலம். அங்கே கவுண்டிச் சிறை தனியாக இல்லை, விசாரணைக் கைதிகளையும் மாநிலமே வைத்துக்கொள்கிறது. பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒருவரை அடைத்தார்கள். சலவைக்கூடத்தில் மற்றக் கைதிகளின் துணியைத் துவைக்கச் சொன்னார்கள். மணிக்கு 25 சென்ட். மறுத்தால் தனிக்கொட்டடி என்றார்கள் என்பது அவர் புகார். பிறகு அவர் மீதிருந்த குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. 2012இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், இவர் தண்டனை பெறாதவர், இவரைச் சீர்திருத்த அரசுக்கு அதிகாரம் கிடையாது, ஆகவே பதின்மூன்றாவது திருத்தத்தின் கீழ் இவருடைய வழக்கைக் கேட்க வேண்டும் என்றது. தன் அறையைத் தானே கூட்டிக்கொள்ளச் சொல்வது வேறு என்பதையும் நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நியாயம்தான். தன் தட்டைத் தான் கழுவுவதற்கு யாரும் கூலி கேட்கவில்லை. எண்ணூறு பேர் தட்டைக் கழுவினால் அது வேலை.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: கைதிகளே இந்த வேலையை விரும்பிக் கேட்கிறார்களே? உண்மைதான், கேட்கிறார்கள். நாளெல்லாம் நாலு சுவருக்குள் கிடப்பவர் எழுந்து நடமாட எதையும் செய்வார். சமையலறையில் கூடுதலாக ஒரு கரண்டி கிடைக்கும். தவிர, பல மாநிலங்களில் வேலை செய்தால் தண்டனையில் நாள் கழிகிறது. டெக்சஸ் போன்ற இடங்களில் காசுக்குப் பதில் இந்த நாள் வரவுதான் பெரிய ஆசை. தண்டனை பெற்றவருக்கு அது உண்மையான வரவு. அவர் அதை விரும்பினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். விசாரணைக் கைதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் பாத்திரம் கழுவுகிறார், ஆறாம் மாதம் குற்றமற்றவர் என்று விடுதலையாகிறார். எந்தத் தண்டனையில் அந்த நாட்களைக் கழிப்பது? குற்றவாளி என்று தீர்ப்பானால் அவர் உழைப்புக்கு ஏதோ விலை கிடைக்கலாம். நிரபராதி என்றால் உழைத்தது அத்தனையும் வீண். நாள் வரவு முறையை வகுத்தவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் முறை அப்படித்தான் வேலை செய்கிறது.

இதுவரை சொன்னது கைதிக்கு நேரும் அநியாயம். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. கூலியில்லாத உழைப்பு, அடைத்து வைத்திருப்பவருக்கு என்ன செய்கிறது என்பது.

லூசியானா மாநிலத்துக்குப் போவோம். அங்கே கவுண்டிக்குப் பதில் 'பாரிஷ்'. மாநிலச் சிறைகளில் இடம் போதாமல், மாநிலத்தின் தண்டனைக் கைதிகளில் பாதிப் பேர் அளவுக்குப் பாரிஷ் ஷெரிஃப்களின் ஊர்ச் சிறைகளில் வைக்கப்படுகிறார்கள். தலைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று மாநிலம் ஷெரிஃபுக்குப் பணம் கொடுக்கிறது. 2017இல் அது 24.39 டாலர். அந்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம், வன்முறையில்லாத குற்றங்களுக்காக உள்ளே இருப்பவர்களைச் சற்று முன்னதாக விடுவிக்கும் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அக்டோபரில் கேடோ பாரிஷின் ஷெரிஃப் ஸ்டீவ் பிரேட்டர் பத்திரிகையாளர்களைக் கூட்டி எதிர்த்தார். ஆபத்தானவர்கள் வெளியே வருகிறார்கள் என்பது அவர் வாதத்தில் ஒரு பாதி. அதைப் புரிந்துகொள்ளலாம். மறுபாதி, நல்லவர்களையும் விடுகிறார்களே என்பது. தினமும் நம் கார்களைக் கழுவி, ஆயில் மாற்றி, சமையலறையில் சமைத்து, நமக்குப் பணம் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறவர்களை விடுகிறார்களே என்று வருத்தப்பட்டார். நாடெங்கும் சத்தம் எழுந்தபோது, தான் சொன்னதைத் துண்டாக எடுத்துவிட்டார்கள் என்றார்.

நான் அவரைத் திட்ட வரவில்லை. சொல்லப்போனால் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார், அவ்வளவுதான். ஆபத்தில்லாதவன், சொன்ன பேச்சைக் கேட்பவன், வேலை தெரிந்தவன்: முதலில் வெளியே போக வேண்டியவர் இவர்தான். இவர் போனால்தான் சிறைக்கு அதிக நஷ்டம். பட்ஜெட்டும் சாவியும் ஒரே கையில் இருக்கிறது என்று முன்னால் சொன்னேனே, அது இதற்காகத்தான். வேலைக்கு உரிய கூலி கொடுக்கப்பட்டிருந்தால், அந்த மனிதர் விடுதலையாகிப் போனாலும் அதே கூலிக்கு வெளியிலிருந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவரைப் பிடித்து வைப்பதில் ஷெரிஃபுக்கு ஒரு காசு லாபம் இருக்காது. கூலி இல்லை என்பதால்தான் அவருடைய சுதந்திரம் பாரிஷுக்குச் செலவாகத் தெரிகிறது.

2023 ஜனவரியில் மத்திய நீதித்துறை வெளியிட்ட அறிக்கை, 2022இன் முதல் நான்கு மாதங்களில் லூசியானாவில் விடுதலையானவர்களில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் விடுதலைத் தேதி தாண்டியும் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்று கண்டது. இதற்குக் கூலியில்லா வேலைதான் காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. காகிதம் மேசை மாறுவதில் தாமதம், கணக்குப் போடுவதில் குழப்பம் என்று காரணங்கள் பல. ஒரு நாள் தாமதத்தால் யாருக்கு நஷ்டம் என்று மட்டும் கேளுங்கள். நஷ்டப்படுகிறவர் கையில் சாவி இல்லை.

கூலி திடீரென்று முளைக்கும் நேரங்களும் உண்டு. நியூயார்க் நகரத்துக்கு ஹார்ட் தீவு என்று ஒரு தீவு. உறவினர் இல்லாதவர்களையும், அடக்கம் செய்ய வசதியில்லாதவர்களையும் 1869 முதல் அங்கே புதைத்துவருகிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கிடக்கிறார்கள். குழி வெட்டியவர்கள், பெட்டி இறக்கியவர்கள் ஊர்ச் சிறைக் கைதிகள். சமீப காலத்தில் ரைக்கர்ஸ் தீவுச் சிறையிலிருந்து சின்னத் தண்டனைக்காரர்கள் படகில் போய்வந்தார்கள், மணிக்கு ஒரு டாலருக்கு. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மணிக்கு ஆறு டாலரும் பாதுகாப்பு உடையும் தருகிறோம் என்று கைதிகளைக் கேட்டார்கள். சில வாரங்களில் கைதிகளை நிறுத்திவிட்டு ஒப்பந்தத் தொழிலாளர்களை அமர்த்த நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் டெக்சஸின் எல் பாசோவில் பிணங்களைக் குளிர்பதன வண்டிகளுக்கு மாற்ற ஊர்ச் சிறைக் கைதிகளை மணிக்கு இரண்டு டாலருக்கு வைத்தார்கள். டெக்சஸில் கைதியின் வேலைக்குக் காசு கொடுப்பதே வழக்கமில்லை. அந்த வேலைக்கு விலை உண்டு என்பது எல்லோருக்கும் எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கைதிக்கு மறுக்கும் வாய்ப்பு வந்த நாளில் அது எண்ணாக வெளியே வந்தது.

வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் கைதிகள் ஜெயித்தார்கள். அது ஊர்ச் சிறை அல்ல. குடியேற்ற வழக்குகளில் பிடிபட்டவர்களை மத்திய அரசுக்காக ஜியோ குரூப் என்ற தனியார் நிறுவனம் அடைத்து வைக்கும் இடம். உள்ளே இருப்பவர்கள் எவரும் தண்டனைக் கைதிகள் அல்ல. சமையல், துப்புரவு, சலவை எல்லாம் அவர்கள். நாளொன்றுக்கு ஒரு டாலர். மணிக்கு அல்ல, நாளுக்கு. 2021 அக்டோபரில் ஜூரி, மாநிலக் குறைந்தபட்சக் கூலியின்படி 1 கோடியே 73 லட்சம் டாலர் பாக்கி தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

மகிழ்ச்சியோடு நிறுத்திவிடலாம் என்றால் இரண்டு முட்கள் இருக்கின்றன. முதலாவது, ஜூரி சொன்னதும் நிறுவனம் அந்த வேலைத் திட்டத்தையே நிறுத்திவிட்டது. அந்த ஒரு டாலரும் போயிற்று. கூலி கேட்டால் வேலையே இல்லாமல் போகும் என்ற பழைய மிரட்டலுக்கு இது நல்ல உதாரணமாகிவிட்டது. இரண்டாவது இன்னும் கூர்மையானது. வாஷிங்டனின் கூலிச் சட்டம் மாநில, கவுண்டி, நகரச் சிறைகளில் இருப்பவர்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது. நிறுவனம் தனியார் என்பதால்தான் மாட்டிக்கொண்டது. அதே தெருவில் கவுண்டி ஒரு சிறை வைத்து, அதே மனிதரை அதே துடைப்பத்தோடு நிறுத்தினால் அவருக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது. தனியார் சிறைகளைத் திட்டுவது முற்போக்குக்காரர்களுக்கு எளிது. நானும் திட்டுவேன். ஆனால் இந்த விஷயத்தில் பெரிய முதலாளி கவுண்டிதான்.

கலிஃபோர்னியாவுக்குத் திரும்புகிறேன். தீர்ப்பு வந்த அதே 2024ஆம் ஆண்டின் நவம்பரில் ஆறாம் எண் முன்மொழிவு ஒன்று வாக்குக்கு வந்தது. தண்டனையாகக் கட்டாய உழைப்பு இருக்கலாம் என்ற வரியை மாநில அரசியல் சட்டத்திலிருந்து எடுக்கலாமா? எதிர்த்து வாதம் எழுதித்தர ஒருவரும் முன்வரவில்லை. ஆனாலும் தோற்றது, நூற்றுக்கு 53 பேர் அளவில் வேண்டாம் என்றார்கள். அன்றைக்கே பக்கத்து நெவாடா அதே மாதிரி வரியை நீக்கியது. கொலராடோ 2018இலும் நெப்ராஸ்காவும் யூட்டாவும் 2020இலும் நீக்கியிருந்தன. முற்போக்கு மாநிலம் என்று பேர் வாங்கிய இடத்தில் தோற்றதற்குக் காரணம் தேடி நிறைய எழுதினார்கள். திருட்டுக்கும் போதைக்கும் தண்டனையைக் கூட்டும் இன்னொரு முன்மொழிவு அதே சீட்டில் அமோகமாக ஜெயித்தது. மக்கள் அன்று இருந்த மனநிலை அது. குற்றவாளிக்குச் சோறும் போட்டுச் சம்பளமும் கொடுக்க வேண்டுமா என்று கோபப்பட்டார்கள். ஊர்ச் சிறையில் பத்துக்கு ஏழு பேர் இன்னும் குற்றவாளி ஆகவில்லை என்பது அந்தக் கோபத்துக்குள் நுழையவே இல்லை.

இனி நம் பக்கம். அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடைசெய்கிறது. அமெரிக்கத் திருத்தத்தில் உள்ளதுபோல் தண்டனைக் கைதிக்கு விலக்கு என்று அதில் எழுதவில்லை. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்றார். அடுத்த ஆண்டே கேரள உயர் நீதிமன்றம் அதைச் சிறைக்குள் கொண்டுபோய், கைதிகளுக்கும் நியாயமான கூலி வேண்டும் என்றது. 1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கில் முடிவு சொன்னது. கடுங்காவல் பெற்றவரிடம் அவர் சம்மதம் இல்லாமலும் வேலை வாங்கலாம். மற்றவர்களுக்கு அவர்களே கேட்டால் மட்டும். யார் வேலை செய்தாலும் நியாயமான கூலி கொடுத்தாக வேண்டும். சாப்பாடு, துணிக்கு ஆகும் செலவைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் செய்யலாம். கூலி நிர்ணயிக்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு குழு வைக்க வேண்டும், அதுவரை இடைக்காலக் கூலியை ஆறு வாரத்தில் அறிவிக்க வேண்டும். நீதிபதி கே.டி.தாமஸ் எழுதிய அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். நீதிபதி வாத்வா தனியாக எழுதியதில், கடுங்காவல் வேலை வெட்டி வேலை ஆகாது என்று வேறு திசையில் நின்றார். அதையும் மாணவர்கள் படிக்க வேண்டும், வாதம் பலமானது.

ஆனால் அந்தத் தீர்ப்பின் பிடித்தங்கள் எல்லாம் தண்டனைக் கைதியை மனத்தில் வைத்து யோசித்தவை. விசாரணைக் கைதிக்கு அவற்றைப் பொருத்திப் பாருங்கள். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பங்கு என்றால், இவரால் பாதிக்கப்பட்டவர் என்று சட்டத்தின் கண்ணில் இன்னும் யாரும் இல்லை. சாப்பாட்டுச் செலவு என்றால், அடைத்தது அரசு. வீட்டில் இருந்திருந்தால் தன் சோற்றைத் தானே தின்றிருப்பார். மாதிரிச் சிறைக் கையேடு, விரும்பி வேலை கேட்கும் விசாரணைக் கைதிக்கு வேலையும் அதற்குரிய கூலியும் தரச் சொல்கிறது. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். அமெரிக்க ஊர்ச் சிறையின் விகிதம் நம் நாட்டின் மொத்தச் சிறைக்குமே பொருந்துகிறது.

நம்மிடம் கூடுதலாக இன்னொன்றும் இருக்கிறது. யார் சமைப்பது, யார் கழிப்பறை கழுவுவது என்பதைச் சாதி பார்த்துப் பிரிக்கும் விதிகள் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் அச்சிலேயே இருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை அடித்துப்போட்டது. பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் நம் பாளையங்கோட்டைச் சிறையும் வருகிறது. சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததை, மோதலைத் தவிர்க்க என்ற காரணத்தை ஏற்று நம் உயர் நீதிமன்றம் முன்பு விட்டுவிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாதியை எடுத்துவிட்டால் அந்தக் கழிப்பறையை யார் கழுவுவது என்ற கேள்வி மறுநாளே வருமே, அதற்கு நேர்மையான ஒரே பதில், கூலி கொடுத்தால் யாராவது கழுவுவார்கள் என்பதுதான்.

புழல் போன்ற இடங்களில் சிறைவாசிகள் வேலை செய்யும் பெட்ரோல் பங்க் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல முயற்சி, நான் குறை சொல்லவில்லை. அது தெருவில் இருப்பதால் கண்ணில் படுகிறது, கேள்வியும் கேட்கிறோம். கிளைச்சிறையின் சமையலறை தெருவில் இல்லை.

அதனால் இந்த அரங்கில் இருக்கும் சட்ட மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அவரவர் ஊர்க் கிளைச்சிறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். சென்ற நிதியாண்டில் மாதவாரியாகச் சமையல், துப்புரவு வேலைகளைச் செய்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் விசாரணைக் கைதிகள் எத்தனை பேர், வேலை கேட்டு அவர்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்கள் எத்தனை, கொடுத்த கூலி எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, எந்த விதியின் கீழ் என்று கேளுங்கள். பெயர் எதுவும் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீட்டை எப்படி எழுதுவது என்பதை உங்கள் பேராசிரியர்கள் சொல்லித் தருவார்கள்.